சைட்டோகைன், இன்டர்ஃபெரான், அழற்சி: வைரஸ் காய்ச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நர்சிங் மாணவிகளுக்கு நுண்ணுயிரியல் எடுப்பவள். கொரோனாவுக்குப் பிறகு ‘சைட்டோகைன்’ என்ற சொல் வகுப்பறையைத் தாண்டிக் கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். மருந்து மாத்திரை முடிவெல்லாம் உங்கள் மருத்துவருடையது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும் இதைப் படியுங்கள்.

சைட்டோகைன்னா என்ன மேடம்? ஹார்மோன் மாதிரி ஒண்ணா?

செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியே விடும் சிறு புரதங்கள்தான் சைட்டோகைன்கள். ஹார்மோனுக்கென்று தைராய்டு, கணையம் என்று தனிச் சுரப்பிகள் உண்டு. சைட்டோகைனை, தேவை வந்தால், ஏறத்தாழ எந்தச் செல்லும் தயாரிக்கும். பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்களோடு அதன் வேலை முடிந்துவிடும்.

வைரஸ் விஷயத்தில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது இன்டர்ஃபெரான்கள், இவை செல்லுக்குள் வைரஸ் பெருகுவதை நேரடியாகத் தடுப்பவை. இரண்டாவது, அழற்சியை, அதாவது திசு சிவந்து வீங்கி வலிப்பதைக் கிளப்பும் ஐஎல்-1, ஐஎல்-6 (ஐஎல் என்றால் இன்டர்லூகின்), டிஎன்எஃப். மூன்றாவது, வெள்ளையணுக்களை நோய் உள்ள இடத்துக்கு வரவழைக்கும் கீமோகைன்கள். இவற்றையெல்லாம் அடக்கிவைக்கும் ஐஎல்-10 போன்றவையும் உண்டு. அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, பாவம்.

வைரஸ் உள்ள வந்துடுச்சுன்னு செல்லுக்கு எப்படித் தெரியும்?

வைரஸின் மரபுப்பொருள்தான் காட்டிக்கொடுக்கிறது. நம் செல்லுக்குள் நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ சாதாரணமாக இருக்காது. டெங்கு, கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் பெருகும்போது அது உருவாகிறது. இப்படிப்பட்ட வைரஸ் ஆர்என்ஏவைக் கண்டுகொள்ள செல்லுக்குள்ளேயே உணரிப் புரதங்கள் உண்டு. ரிக்-ஐ, எம்டிஏ-5 என்ற இரண்டும் செல்லின் திரவப் பகுதியில் இருக்கின்றன. டோல் வகை உணரிகளில் 3, 7, 8 ஆகியவை செல் விழுங்கிய பைகளுக்குள் இருக்கின்றன. டிஎன்ஏ வைரஸ்களுக்கு சிகாஸ் என்ற வேறொன்று.

இப்படி உடனடியாக விழித்துக்கொள்ளும் எதிர்ப்பைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும் 2011-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த ஆண்டுப் பரிசின் மறுபாதி ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு.

இன்டர்ஃபெரான் உண்மையில என்னதான் செய்யும்?

1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் ஒரு சோதனை செய்தார்கள். சூடுபடுத்திச் செயலிழக்கவைத்த ஃப்ளூ வைரஸைக் கோழி முட்டைச் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை எடுத்துப் புதிய சவ்வின்மேல் விட்டு, உயிருள்ள வைரஸைச் சேர்த்தார்கள். வைரஸ் சரியாக வளரவில்லை. சவ்வு எதையோ வெளியே விட்டிருக்கிறது, அது மற்றச் செல்களைக் காக்கிறது என்று கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு கூரை வீடு தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கூரையை முன்கூட்டியே நனைத்துவைப்பார்கள் அல்லவா, அதுதான் இங்கே நடப்பது. வைரஸ் புகுந்த செல் பெரும்பாலும் தப்பாது. அது விடும் இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்லின் ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், ஒட்டும். உள்ளே ஜாக், ஸ்டாட் என்ற புரதங்கள் வழியாகச் செய்தி உட்கருவுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கும். அவற்றில் பிகேஆர் என்ற புரதம் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். தொழிற்சாலை மூடியிருந்தால் வைரஸும் தன் சரக்கைத் தயாரிக்க முடியாது. ஆர்என்ஏஸ்-எல் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக வெட்டும். எம்எக்ஸ் புரதம் ஃப்ளூ வைரஸைக் குறிவைத்து முடக்கும்.

எம்எக்ஸ் கிடைத்ததும் அதே லிண்டன்மனால்தான். ஏ2ஜி என்ற எலி இனம் மட்டும் ஃப்ளூ வைரஸ் கொடுத்தும் சாகாமல் இருப்பதை 1960-களின் தொடக்கத்தில் அவர் கவனித்தார். மற்றச் சோதனைக்கூட எலிகள் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு கெட்டுப்போயிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிற வேலை. புதிய வைரஸுக்கென்றே எதிரணுக்களும் (ஆன்டிபாடிகள்) டி செல்கள் என்ற வெள்ளையணுக்களும் தயாராக ஒரு வாரம் போல ஆகும். அந்த இடைவெளியில் நம்மை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் இன்டர்ஃபெரான்தான்.

அப்போ காய்ச்சல், உடம்பு வலியெல்லாம் வைரஸ் பண்றது இல்லையா?

பெரும்பகுதி நம் உடம்பே செய்துகொள்வது. ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் மூன்றும் இரத்தத்தில் கலந்து மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டும்போது, அங்கே புராஸ்டாகிளான்டின் இ2 என்ற பொருள் சுரக்கிறது. அது உடல் வெப்பத்தின் அளவை மேலே தள்ளிவைக்கும். 102 டிகிரி இருக்கும்போதே குளிரில் நடுங்குவது இதனால்தான். பசியின்மை, அசதி, யாரோடும் பேசப் பிடிக்காமல் போர்த்திப் படுப்பது எல்லாமே இந்தச் சைட்டோகைன்கள் மூளையில் செய்யும் வேலை.

சந்தேகம் இருந்தால், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஹெப்படைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள். ஊசி போட்ட அன்று இரவே ஃப்ளூ வந்த மாதிரி குளிர், காய்ச்சல், மூட்டுவலி. ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட உடம்பில் இருந்திருக்காது.

காய்ச்சல் நல்லதுன்னா பாராசிட்டமால் போடுறது தப்பா?

தப்பில்லை. பாராசிட்டமால் புராஸ்டாகிளான்டின் உருவாவதைத்தான் குறைக்கிறது, இன்டர்ஃபெரானைத் தொடுவதில்லை. மிதமான காய்ச்சலுக்கு விழுந்தடித்துக்கொண்டு மாத்திரை தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் சுருண்டு கிடக்கிறவரை ‘உடம்பு சண்டை போடட்டும்’ என்று விட்டுவைப்பது வீம்பு. சொன்ன அளவைத் தாண்டினால் கல்லீரல் கெடும், அது முக்கியம்.

டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். அவை இரத்தப்போக்கைக் கூட்டும். ‘இடுப்பு வலிக்கு ஒரே ஒரு ஊசி’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அழற்சின்னாலே கெட்டதுதானே? எல்லா வீடியோவிலயும் அதைக் குறைக்கத்தான் சொல்றாங்க

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி கெடுதல்தான். வைரஸ் வந்த முதல் நாட்களில் வரும் அழற்சி வேறு. இரத்தக்குழாய்கள் கொஞ்சம் கசிந்தால்தான் வெள்ளையணுக்கள் திசுவுக்குள் நுழைய முடியும். கீமோகைன் கூப்பிட்டால்தான் அவை இடம் கண்டு வரும். அதன் விலைதான் வீக்கமும் சிவப்பும் வலியும்.

2005-ல் வந்த ஒரு எலி ஆய்வை வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஐஎல்-1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தார்கள். அவற்றின் நுரையீரலில் அழற்சிச் சேதம் மற்ற எலிகளைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் செத்தவை அவற்றில்தான் அதிகம். நுரையீரலைப் புண்ணாக்கிய அதே ஐஎல்-1தான் உயிரையும் காத்திருக்கிறது. குறைப்பது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

வைரஸ் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கிட்டு இருக்குமா?

இருக்காது. ஃப்ளூ வைரஸின் என்எஸ்1 புரதம் வைரஸ் ஆர்என்ஏவை மூடி மறைத்து, இரண்டாவது கேள்வியில் சொன்ன ரிக்-ஐ கண்ணில் படாமல் செய்கிறது. பெரியம்மைக் குடும்ப வைரஸ்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. டிஎன்எஃப்-க்கும் இன்டர்ஃபெரானுக்கும் போலி ஏற்பிகளைத் தயாரித்து வெளியே விடுகின்றன. செய்தி போய்ச் சேருவதற்குள் அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

டெங்குவின் என்எஸ்5 புரதம் மனிதச் செல்லின் ஸ்டாட்2 புரதத்தைச் சிதைக்கவைக்கிறது. எலியின் ஸ்டாட்2 மீது அதன் பாச்சா பலிக்காது. சாதாரண எலிக்கு டெங்கு சரியாக ஒட்டாததற்கு இது ஒரு காரணம். டெங்கு ஆராய்ச்சிக்கு இன்டர்ஃபெரான் ஏற்பிகளை நீக்கிய எலிகளைத் தனியாக வளர்க்க வேண்டியிருக்கிறது.

பேசாம இன்டர்ஃபெரானையே எல்லாருக்கும் ஊசியா போட்டுட்டா?

முயன்று பார்த்தாயிற்று. ஹெப்படைட்டிஸ் சி-க்குப் பல ஆண்டுகள் அதுதான் பிரதான மருந்து. மாதக்கணக்கில் ஊசி, காய்ச்சல், இரத்த அணுக்கள் குறைவு, சிலருக்குக் கடும் மனச்சோர்வு. 2013-ல் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்ற பிறகு, வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஹெப்படைட்டிஸ் பி-க்கு இன்றும் சிலருக்கு ஊசி கொடுக்கப்படுகிறது.

கொரோனாவில் உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனையில் இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை. அது மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் நடந்த சோதனை. அந்தக் கட்டத்தில் பக்கத்து வீடுகளும் பற்றிக்கொண்டிருக்கும். கூரையை நனைத்து என்ன பயன்?

சைட்டோகைன் புயல்னா என்ன? கொரோனால செத்தவங்க எல்லாரும் அதனாலதான் செத்தாங்களா?

அழற்சிச் சைட்டோகைன்கள் ஒரு திசுவோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் பெருகி, இரத்தக்குழாய்கள் கசிந்து, இரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் செயலிழக்கும் நிலை. வைரஸே இல்லாமலும் அது வரும். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற புதிய மருந்தைச் செலுத்திக்கொண்ட ஆரோக்கியமான ஆறு பேர், சில மணி நேரத்தில் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

கொரோனாவுக்கு அந்தப் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்தியது எனக்கு உடன்பாடில்லை. தீவிர கொரோனா நோயாளிகளின் ஐஎல்-6 அளவு, சில புற்றுநோய்ச் சிகிச்சைகளால் வரும் உண்மையான புயலில் காணும் அளவைவிடப் பல மடங்கு குறைவு. 2020-ல் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இன்னொன்று: தீவிரமானவர்களுக்குத் தொடக்க இன்டர்ஃபெரான் மந்தமாக இருந்தது, அழற்சிச் சைட்டோகைன்கள் பிற்பாடு ஏறின. வர வேண்டியது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, வைரஸ் பெருகிவிட்டது, உடம்பு தாமதமாகக் கூச்சல் போட்டது. ‘எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறியதால் செத்தார்’ என்று இரங்கல் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் கதையின் முதல் பாதி விட்டுப்போயிருக்கிறதே என்று தோன்றும்.

ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்னு சொல்வீங்க. அது எப்படி உயிரைக் காப்பாத்துச்சு? அப்போ முதல் நாளே போட்டிருக்கலாமே?

இதற்குப் பதில் எண்களிலேயே இருக்கிறது. பிரிட்டனில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி சோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் என்ன ஆயிற்று? மருந்து இல்லாமல் 14.0, மருந்தோடு 17.8. கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு.

ஒரே மருந்து, ஒரே வைரஸ். மாறியது நோயின் கட்டம் மட்டும். முதல் நாட்களில் ஸ்டீராய்டு போட்டால் இன்டர்ஃபெரானையும் சேர்த்தே அடக்குகிறோம். 2021 இரண்டாம் அலையில் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கினவர்கள் நம்மூரில் எத்தனை பேர்! அந்த ஆண்டு இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுப்படாத சர்க்கரையோடு ஸ்டீராய்டின் தவறான பயன்பாடும் சேர்ந்தே காரணமாகச் சொல்லப்பட்டது.

ஐஎல்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் ஊசியும் இதே ரகம். ஆக்சிஜன் குறைந்து அழற்சியும் ஏறியிருந்தவர்களில் இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31-க்குக் குறைந்தது. வேலை செய்யும் மருந்துதான். ஊரே அலைந்து கள்ளச் சந்தையில் வாங்கும் அளவுக்கு மந்திர மருந்து இல்லை.

டெங்குல காய்ச்சல் விட்டதும்தான் ஆபத்துன்னு சொல்றாங்களே, அது எப்படி? வைரஸ் குறைஞ்சிடுச்சுல்ல?

இரத்தத்தில் வைரஸ் குறைவது உண்மை. ஆனால் பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்களும் டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதமும் (ஃப்ளூவின் என்எஸ்1 வேறு) சேர்ந்து நுண்ணிய இரத்தக்குழாய்களின் உள்சுவரைத் தளர்த்துகின்றன. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா திசுக்களுக்கு வெளியேறி, இரத்தம் கெட்டியாகி, நாடி தளர்கிறது. அந்த ஒன்றிரண்டு நாளைத் தாண்டினால் கசிவு தானாகவே அடைபடும்.

டெங்குவில் நான்கு வகைகள். ஒரு வகை வந்துபோனவருக்கு இன்னொரு வகை வரும்போது, பழைய எதிரணுக்கள் புது வைரஸை முழுதாக முடக்க முடியாமல், ஒட்டிக்கொண்டு வெள்ளையணுக்களுக்குள் கூட்டிப்போய் விட்டுவிடலாம். பெருக்கமும் கூடும், சைட்டோகைனும் கூடும். ‘எனக்கு ஏற்கெனவே வந்துடுச்சு, பயமில்லை’ என்பது இதனால்தான் தவறு. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், சோர்ந்து மயங்குவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இங்கே காப்பாற்றுவது அளந்து ஏற்றும் சலைன். கொரோனாவில் உதவிய ஸ்டீராய்டு டெங்குவில் உதவும் என்று நிறுவப்படவில்லை.

ரிப்போர்ட்ல சிஆர்பி 40-ன்னு இருக்கு. சைட்டோகைன் புயலா?

இல்லை. ஐஎல்-6 சொல்லக் கல்லீரல் தயாரிக்கும் புரதம் சிஆர்பி. தொண்டைப் புண்ணுக்கும் பல் சீழுக்கும்கூட அது ஏறும். எங்கோ அழற்சி இருக்கிறது என்பதைத் தாண்டி ஒற்றை எண் அதிகம் சொல்லாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும், நோயாளி எப்படி மூச்சு விடுகிறார் என்பதும்தான் முக்கியம். டோசிலிசுமாப் போட்டவருக்குச் சிஆர்பி தானாகவே விழுந்துவிடும். அதை வைத்துத் தொற்று போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர், மஞ்சள் பால் இதெல்லாம் இம்யூனிட்டியை ஏத்தும்தானே அக்கா?

டெங்குவுக்கு நிலவேம்பையும் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீரையும் தமிழக அரசே விநியோகித்தது, எங்கள் வீட்டிலும் குடித்தோம். ஆனால் விளம்பரங்கள் ஒரே மூச்சில் ‘எதிர்ப்பு சக்தியை ஏற்றும்’ என்றும் ‘அழற்சியைக் குறைக்கும்’ என்றும் சொல்கின்றன. இதுவரை படித்தவர்களுக்குச் சிக்கல் புரிந்திருக்கும். எதை ஏற்றும்? எதைக் குறைக்கும்? எந்த நாளில்?

கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் ஐஎல்-6 குறைவது ஒன்று, நோயாளி பிழைப்பது இன்னொன்று. பெரிய அளவிலான குலுக்கல் முறைச் சோதனைகளில் இவை இறப்பைக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. மஞ்சளின் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சொற்பமாகவே போகிறது. பிடித்தால் குடியுங்கள், குடித்ததால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தடுப்பூசி போட்டு எனக்குக் காய்ச்சலே வரலை. வேலை செய்யலையோ?

செய்திருக்கும். காய்ச்சல் வருவது, ஊசி கிளப்பிய சைட்டோகைன் எவ்வளவு மூளை வரை எட்டியது என்பதைப் பொறுத்தது. ஃபைசர் ஊசியின் சோதனையில் இரண்டாம் தவணைக்குப் பிறகு காய்ச்சல் கண்டவர்கள் 55 வயது வரையுள்ளோரில் 16 சதவீதம், மூத்தவர்களில் 11. பாதுகாப்போ 95 சதவீதம்.

முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப்-ஐ அடைக்கிற ஊசி போடுறேன். வைரஸ் வந்தா நான் தாங்க மாட்டேனா?

பயந்த அளவுக்கு இல்லை. ஒரு சைட்டோகைனை அடைத்தாலும் மற்ற வழிகள் திறந்தே இருக்கும். கொரோனாவில் டிஎன்எஃப் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவில்லை. நம் நாட்டில் உண்மையான கவலை காசநோய்தான். நுரையீரலில் உறங்கும் காசநோயைக் கட்டிவைப்பதே டிஎன்எஃப். ஹெப்படைட்டிஸ் பி-யும் திரும்பக் கிளம்பலாம். ஊசி தொடங்கும்முன் இரண்டுக்கும் பரிசோதிப்பது அதற்காக. டோஃபாசிடினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரைகள் இன்டர்ஃபெரானின் செய்திப் பாதையையே அடைப்பதால் அக்கி வரும் வாய்ப்பு கூடும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரே வீடு, ஒரே வைரஸ். மனைவிக்கு ஜலதோஷம், கணவருக்கு ஐசியூ. ஏன்?

வயது, சர்க்கரை, எடை, உள்ளே போன வைரஸின் அளவு என்று பல. ஆனால் 2020-ல் வந்த ஒரு பதில் எங்களைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. உயிருக்கு ஆபத்தான கொரோனா வந்த 987 பேரைச் சோதித்ததில், 101 பேரின் இரத்தத்தில் அவர்களுடைய இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிரணுக்கள் இருந்தன. லேசாக வந்தவர்கள், அறிகுறியே இல்லாதவர்கள் 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. நோய் தீவிரமான ஆண்களில் 12.5 சதவீதம், பெண்களில் 2.6. தொற்றே இல்லாத பொதுமக்களில், 70 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 4 சதவீதத்துக்கு இவை இருப்பது பிறகு தெரிந்தது. கொரோனா வந்ததால் உண்டானவை அல்ல, முன்பே இருந்தவை. அதுவரை அவர்களுக்கே தெரிந்திருக்காது.

வௌவாலுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகறதில்லை?

கருப்புப் பழந்தின்னி வௌவாலில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, வைரஸ் இல்லாதபோதும் சிறிதளவு ஓடிக்கொண்டே இருப்பதாக 2016-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஐஎல்-1-ஐத் தயாராக்கி வெளியே விடும் என்எல்ஆர்பி3 அமைப்பு அதே இனத்தில் மட்டுப்பட்டிருப்பது 2019-ல் தெரிந்தது. தடுப்பு முன்கூட்டியே, அழற்சி மட்டாக. 2018-ல் கேரளத்தில் நிபா வந்தபோது பிடித்துச் சோதித்த பழந்தின்னி வௌவால்கள் சிலவற்றில் அந்த வைரஸ் இருந்தது. நாமும் அப்படி இருந்தால் என்ன என்று மாணவிகள் கேட்பார்கள். எப்போதும் ஓடும் இன்டர்ஃபெரான் மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதை ஹெப்படைட்டிஸ் சி ஊசி பற்றிய பதிலில் பார்த்தோம். பிறவியிலேயே அது அடங்காமல் சுரக்கும் சில அரிய மரபு நோய்களில், வைரஸே இல்லாமல் குழந்தையின் மூளையும் தோலும் பழுதாகின்றன.